ஓடக்காரர் மேசையில் வைத்தது

தன்னிடம் இல்லாததை எவரும் விலையாக வைக்க முடியாது. ‘ஆற்றுநாடு’ ஆட்டத்தின் முதல் விதி அது. எழுதியவள் மிருதுளா. அந்த ஒரு வரிக்காகவே தன்னை யாராவது ஒருநாள் பாராட்டுவார்கள் என்று அவள் ரகசியமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டும் ஆட்டங்கள் புதியவை அல்ல. ஓடக்காரர், தூதர், மருத்துவச்சி, காவலர் என்று அதில் வகைகள் உண்டு. ஒரே வகையை இருவர் எடுத்தாலும் இருவரும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் தன் ஓடக்காரருக்குத் தோள்வலிமை கூட்டிக்கொண்டு கண்பார்வையைக் குறைத்துக்கொள்வார். இன்னொருவர் நீரோட்டம் அறியும் காதை வாங்கிக்கொண்டு காலை ஊனமாக்கிக்கொள்வார். நெடுங்காலம் இதெல்லாம் காகிதத்தோடு நின்றது.

பிறகு நெற்றிப்பட்டை வந்தது. இரண்டு விரல் அகலத் துணி. பதற்ற நோயாளிகளுக்காக மருத்துவமனைகள் செய்வித்தது, மெல்ல விளையாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. நெற்றியில் கட்டிக்கொண்டால் கதை நடத்துபவரின் குரல் கண்முன் காட்சியாக விரியும். கூடவே, கட்டியவரின் சுபாவத்தில் ஏதாவது ஒன்றை இரண்டு மணி நேரத்துக்கு மங்க வைக்கவும் அதனால் முடியும்.

மிருதுளாவின் வேலை, ஒவ்வொரு வகைக்கும் இரண்டு பத்திகள் எழுதுவது. இடப்பக்கம் கொடைகள். வலப்பக்கம் விலைகள். விலை காகிதத்தில் இருக்கும் ஓடக்காரரிடமிருந்து எடுக்கப்படுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்தே எடுக்கப்படும். கோபம், கூச்சம், சந்தேகம், பொறாமை, எதை வேண்டுமானாலும் வைக்கலாம். வைப்பது எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய கொடை.

ஒரு புதன்கிழமை, ஓடக்காரருக்கான விலைப் பட்டியலின் கடைசியில் ‘வீம்பு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள்.

“இது யாருக்கு?” என்று கேட்டான் ஜோயல். ஆட்டத்தில் அவளுக்குப் பாதிப் பங்காளி. மேசையில் கதை நடத்துபவனும் அவன்தான்.

“பொதுவாத்தான்” என்றாள். அவள் சொன்னது பொய்.

அவள் அப்பா மருதாசலம், கோவையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பம்ப்செட் பட்டறை நடத்தி ஓய்ந்தவர். சொன்ன தேதிக்குச் சரக்குப் போகவில்லையென்றால் அன்று அவருக்கு மதியச் சோறு இறங்காது. அவருக்கு ஒரே தங்கை, தமயந்தி. பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டவள். பன்னிரண்டு ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சில்லை.

தமயந்தியின் மூத்த மகள் கல்யாணத்தில் நடந்தது அது. மணப்பெண்ணைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வருவது தாய்மாமன் உரிமை. அந்த உரிமைக்கு எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ஊர் பார்க்க ஒருமுறை நடக்கும். ஊர் பார்க்க நடக்காமலும் போகும். அன்று மருதாசலம் மண்டப வாசலில் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கிய தன் பக்கத்து ஆட்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். முகூர்த்தம் நெருங்கிவிட்டதென்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்த, தமயந்தியின் கணவர், பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனிதரைக் கைகாட்டிவிட்டார். மருதாசலம் தட்டோடு உள்ளே வந்தபோது, மருமகள் வேறொருவர் கையைப் பிடித்து மேடை ஏறிக்கொண்டிருந்தாள். அவர் நடுவழியில் நின்றார். தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். கூட வந்த இருபத்திரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கைநனைக்காமல் வெளியேறினார்.

அந்த இருபத்திரண்டு பேரில் மிருதுளாவும் ஒருத்தி. பசியோடு வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். மேடையில் நின்ற அத்தை, எல்லாரும் போகிற வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் தனக்குத் தலை பின்னிவிட்ட அந்த அத்தையின் முகத்தை மிருதுளா அதற்குப் பிறகு அருகில் பார்க்கவே இல்லை.

இப்போது அத்தையின் இளைய மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று காதில் விழுந்தது. இந்த மேடையும் தாய்மாமன் இல்லாமல் கடந்துபோனால் அப்புறம் சேர்த்துவைக்க இன்னொரு கல்யாணம் கிடையாது.

“அப்பா, புது ஆட்டத்தைச் சோதிக்கறதுக்கு வயசானவங்க வேணும். ஆறு ஞாயித்துக்கெழமை. மூணு மணியிலிருந்து அஞ்சு வரைக்கும். வர்றீங்களா?”

“வர்றேன்னு சொல்லிட்டா வரோணும். யோசிச்சுச் சொல்றேன்.”

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை, “வர்றேன்” என்றார். அதற்குள் பொள்ளாச்சிக்கும் போன் போயிருந்தது. அத்தையும் ஆறு வாரத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். மற்றவர் வருவது இருவருக்கும் தெரியாது.

*

முதல் ஞாயிறு. ஐப்பசி மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கவுண்டம்பாளையத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் அவர்கள் அலுவலகம். கீழேயிருந்து சூடான பன் வாசனை படியேறி வரும். மருதாசலம் குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

“இது யாரு யோசனை?”

“என்றதுதானுங்கப்பா.”

தமயந்தி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எனக்குந்தான் சொல்லல. நான் பொறப்படறேன் கண்ணு.”

“அத்தை, ஆறு வாரம்னு ஒத்துட்டீங்க. நீங்களும்தானுங்கப்பா.”

அந்தக் குடும்பத்தில் யாரிடமும் வாக்கைக் காட்டி எதையும் வாங்கிவிடலாம் என்பது மிருதுளாவுக்குத் தெரியும். அதை ஒரு தந்திரமாகப் பயன்படுத்துகிறோம் என்று அப்போது அவளுக்குக் கூச்சம் வரவில்லை.

மருதாசலம் ஜோயலைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, ஒத்துக்கிட்டது ஆறு. ஏழாவது வாரம் கூப்புடப்படாது.” மேசையின் மறுகோடியில் போய் உட்கார்ந்தார். தமயந்தியும் உட்கார்ந்தாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

தூதர் வகையை எடுத்த தமயந்தி தன் தயக்கத்தை விலையாக வைத்தாள். ஓடக்காரர் வகை மருதாசலத்துக்கு வந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு பட்டியலைப் படித்தவர் கோபத்தில் விரல் வைத்தார்.

ஜோயல் திரையைப் பார்த்தான். “சார், கோபம் உங்ககிட்ட பதினொண்ணுதானுங்க இருக்குது. இத வச்சா ஒரு துடுப்புக்கூடக் குடுக்க முடியாது.”

“எனக்குக் கோபம் இல்லையா? எந்திரத்த நல்லாப் பாரு தம்பி.”

“பாத்துட்டனுங்க சார். வேற சொல்லுங்க.”

“கூச்சம்.”

“மூணு.”

ஜன்னல் பக்கமிருந்து மூக்கால் விட்ட ஒரு சிரிப்பு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் தங்கையிடமிருந்து அவர் கேட்ட முதல் சிரிப்பு. அவர் அதைக் கேட்காததுபோல் பட்டியலின் கடைசிக்கு விரலை இறக்கினார். அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு விரலை வைத்தார்.

ஜோயல் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். “தொண்ணூத்தி நாலுங்க சார்! ஈரோடு, சேலம் எல்லாச் சோதனை மேசையும் சேத்து இதுவரைக்கும் யாருக்கும் எழுபதத் தாண்டுனதில்ல.”

மருதாசலத்தின் முதுகு ஒரு விரற்கடை நிமிர்ந்தது. “அப்ப அதையே வையி” என்றார்.

*

ஆற்றுநாட்டில் சூரியன் இல்லை. வெளிச்சம் நீரிலிருந்து வந்தது. ஜோயலின் குரல் தாழ்ந்துகொண்டே போக, மேசையின் பளபளப்பு அலையாயிற்று; அலை தரையில் வழிந்து சுவர்களை நனைத்துக்கொண்டு அகன்றது. ஆற்றின் அடியில் ஊர்கள் விளக்கெரிய உறங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் வீதிகளில் மீன்கள் வீட்டுக்கு வீடு நின்று நின்று போயின. எதிர்க்கரை என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். பனியில் அது தெரியவில்லை.

மிருதுளாவும் ஒரு பட்டை கட்டியிருந்தாள். எதையும் விலையாக வைக்காமல் வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவள் என்பதால் அவளுக்கு அந்த ஆறு மெல்லிய துணிபோலத்தான் தெரிந்தது. பனியின் ஊடே சுவரில் மாட்டிய நாள்காட்டியும் தெரிந்தது.

படகில் அப்பா நின்றுகொண்டிருந்தார். துடுப்பை அவர் நீரில் வைக்கக்கூட இல்லை. தொண்ணூற்று நான்கு கொடுத்து வாங்கிய கொடை அது: நீரே அவர் மனமறிந்து நகர்ந்தது. கரையில் தூதர் நின்றார்; நனைந்த முந்தானையும் கையில் ஒரு முத்திரைச் சுருளுமாக.

“அக்கரைக்குப் போகோணும். கூலி எவ்வளவுங்க?” என்று தூதர் கேட்டார்.

“உனக்கென்ன கூலி? ஏறு அம்மிணி” என்றார் ஓடக்காரர்.

மேசையில் ஒரு பகடையும் உருளவில்லை. படகு தானாகவே கரையை விட்டது.

அப்படித் தொடங்கியது. இரண்டாம் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் ஆறு இன்னும் அகன்றது. அண்ணனும் தங்கையும் படகில் பேசிக்கொண்டே போனார்கள். பெரிய விஷயம் எதுவும் இல்லை. தண்ணீருக்கடியில் தெரியும் ஊருக்கு என்ன பேர் வைக்கலாம், விளக்கில்லாத அந்த வீட்டில் யார் இருப்பார்கள், மீனுக்குத் தூக்கம் வருமா. ஒருமுறை தூதர் நீரில் கைவிட்டு அளைந்தபோது, “கையை உள்ள வையி, சில்லுன்னு இருக்கும்” என்றார் ஓடக்காரர். அதைக் கேட்டபோது மிருதுளா பட்டையைச் சரிசெய்வதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்து மணி அடித்ததும் ஆறு வடிந்துவிடும். அப்பா பட்டையை அவிழ்த்து மடித்து வைப்பார். தங்கையைத் தாண்டி, சுவரைப் பார்த்தபடி படியிறங்கிப் போவார். நடந்ததெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. பட்டை எதையும் அழிப்பதில்லை.

நான்காம் ஞாயிறு படகு நடு ஆற்றில் இருந்தபோது தூதர் சுருளை மடியில் வைத்துவிட்டார். வந்த குரல் தமயந்தியுடையதாக இருந்தது.

“அண்ணா, சின்னவளுக்குத் தை பன்னண்டு கல்யாணம். நீங்க வந்துதான் கைபிடிச்சுக் கூட்டியாரோணும்.”

“வராம? வந்துர்றேன்” என்றார் ஓடக்காரர். சிரித்துக்கொண்டே சொன்னார். அவ்வளவு லேசாக இருந்தது அந்தச் சொல், நீர்மேல் விழுந்திருந்தால் மிதந்திருக்கும்.

*

ஐந்தாம் ஞாயிறு ஆட்டத்துக்கு முன், படிக்கட்டிலேயே தமயந்தி ஒரு உறையை மருமகள் கையில் வைத்தாள். ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. தாய்மாமன் என்ற இடத்தில் மருதாசலம் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

“அண்ணன்கிட்டக் குடுத்துரு கண்ணு.”

அத்தையின் முகம் அவ்வளவு மலர்ந்து இருந்ததால் ‘நேரில் அழைக்கவில்லையா?’ என்று கேட்க வேண்டியதை மிருதுளா கேட்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று ஆற்றுநாட்டில் வெள்ளம். மூழ்கிக்கொண்டிருந்த கரையில் பதினோரு பேர் நின்றார்கள். “முதல்ல தூதரக் கொண்டுபோயி விட்டுட்டு வர்றேன். ஒருத்தரும் பயப்பட வேண்டாம்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடக்காரர் படகை எடுத்தார். அக்கரையில் யாரோ மூட்டிய தீ எரிந்துகொண்டிருந்தது. ஓடக்காரர் அதனருகில் உட்கார்ந்து கைகளைத் தீயில் காட்டிக் குளிர்காய்ந்தார்.

“ஓடக்காரரே, அந்தக் கரையில ஆளுங்க நிக்கறாங்க” என்றான் ஜோயல்.

“நிக்கட்டும்.”

“தண்ணி இடுப்புக்கு வந்துருச்சுங்க. வர்றேன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.” அவர் முகத்தில் அதே அழகான சிரிப்பு. “இங்க எவ்வளவு சுகமா இருக்குது பாரு தம்பி.”

தீயின் மறுபக்கம் தூதர் எழுந்து நின்றுவிட்டார். பனிக்கு அப்பாலிருந்து யாரோ கூப்பிடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. வர வர அது குறைந்தது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஜோயல் சொன்னான்: “சேலத்துலயும் இப்படித்தானாமா. ஈரோட்டுல ரெண்டு மேசை. வீம்ப விலையா வச்ச ஓடக்காரர் ஏழு பேரு. எல்லாரும் எல்லாருக்கும் வாக்குக் குடுக்கறாங்க, அள்ளி அள்ளி. ஒருத்தர்கூடத் திரும்பிப் போகல. கேட்டா வெக்கமும் இல்ல. எங்கியோ கணக்கு உதைக்குது மிருதுளா.”

மிருதுளா பையைத் தொட்டுப் பார்த்தாள். உறை உள்ளேதான் இருந்தது.

*

வீட்டில் அதை ஒளித்துவைக்க அவளுக்குத் தெரியவில்லை. காய்கறிப் பையோடு மேசையில் வைத்தபோது மஞ்சள் ஓரம் எட்டிப் பார்த்தது.

“அதென்ன?”

எடுத்துக் கொடுத்தாள். மருதாசலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பேர் இருந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு பத்திரிகையை உறைக்குள் போட்டு, உறையின் வாயை மடித்து, மேசையின் நடுவில் வைத்தார்.

“அழைக்காமயே பேரு போட்டிருக்கறா.”

“நீங்க வர்றேன்னு சொன்னீங்கல்லங்கப்பா. நான் பக்கத்துல இருந்தேன்.”

“யாரு சொன்னது? ரோசத்தக் கழட்டி மேசை மேல வச்சுட்டு ஒருத்தன் படகுல நின்னு சொன்னான். அவன வேணாக் கூட்டிட்டுப் போயி மேடையில நிறுத்திக்கட்டும்.”

“அவரும் நீங்கதானுங்களே.”

“இன்னைக்குப் பாத்தீல்ல?” அவர் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. “பதினோரு பேரு தண்ணியில நின்னாங்க. வர்றேன்னு சொன்னது என்ற வாயி. எனக்கு ஒண்ணுமே தோணல மிருது. சுகமா இருந்துச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவங்கள எண்ணிட்டே வந்தேன். பட்டறையில முப்பத்தெட்டு வருசம் சொன்ன தேதிக்குப் பம்பு போச்சே, அது எதனால போச்சுன்னு நெனச்ச? நீ விலைன்னு எழுதி வச்சியே, அதனாலதான் போச்சு.”

வலப்பக்கப் பத்தியின் கடைசியில் அந்தச் சொல்லைத் தட்டியபோது விரலுக்குக் கிடைத்த நிம்மதி மிருதுளாவுக்கு நினைவு வந்தது. அப்பாவிடமிருந்து ஒரே ஒரு செங்கலை உருவிவிட்டால் போதும் என்று அவள் எண்ணியிருந்தாள். சுவர் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

“நான் உங்களுக்காகத்தான் அதச் சேத்தேன். பொதுவா இல்ல” என்றாள்.

“தெரியும். விரல் வைக்கறப்பவே தெரியும்.” உறையைச் சுட்டினார். “அழைப்புன்னா தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் தட்டோட இந்த வாசல்ல வந்து நிக்கோணும். ஆத்துக்கு நடுவுல அல்ல.”

அத்தைக்குப் போன் செய்து அப்பா சொன்னதைச் சொன்னாள்.

“அவரு வர்றேன்னு சொன்னாரு. இந்தக் காதால கேட்டேன்.”

“அது அவரில்லைங்க அத்தை. தீக்கிட்ட உக்காந்திருந்தாரே, அவரு.”

அத்தை விடவில்லை. “கைநனைக்காமப் போனவரு வீட்டுப் படிய நான் ஏறோணுமா? என்ற சம்பந்திக முன்னால அன்னைக்கு நான் பட்டது யாருக்குத் தெரியும்? அச்சடிச்ச பேர அடிச்சுட்டுப் போறேன், போ.”

பத்திரிகை ஐந்நூறும் அச்சாகிவிட்டிருந்தன. தமயந்தி அடித்தாலும் அவமானம், விட்டாலும் அவமானம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு காயம் இருந்தது. மிருதுளா அதை இரண்டாக்கிவிட்டாள்.

*

ஆறாம் ஞாயிறு இருவரும் வரமாட்டார்கள் என்றுதான் ஜோயல் சொன்னான். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தமயந்தி படியேறி வந்தாள். மூன்றுக்கு மருதாசலம் வந்தார். ஒத்துக்கொண்டது ஆறு.

பட்டையைக் கட்டிக்கொண்டு மருதாசலம் விலைக் கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

“சார், விலை வைக்கலீன்னா கொடை கிடையாதுங்க. ஆறு உங்க பேச்சக் கேக்காது. சாதாரண ஆளாத்தான் இருப்பீங்க.”

“இருந்துக்கறேன்.”

ஜோயல் மிருதுளாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

போன வாரம் விட்ட இடத்திலிருந்தே ஜோயல் கதையை எடுத்தான். அன்று ஆறு அவரைக் கண்டுகொள்ளவில்லை. படகு கனத்தது. துடுப்பு ஒவ்வொரு முறையும் சேற்றிலிருந்து பிடுங்குவதுபோல் வந்தது. பகடை இரண்டும் மூன்றுமாக விழுந்துகொண்டிருந்தது. ஒருமுறை படகு சுழன்று புறப்பட்ட கரைக்கே திரும்பியது. அறுபத்தெட்டு வயது மனிதர் அந்தத் துடுப்பை வலித்தார். தீயின் பக்கம் அவர் திரும்பவில்லை. தூதர் நின்ற பக்கமும் திரும்பவில்லை. போன வாரத்து வெள்ளத்தில் கழுத்தளவு நின்றவர்களில் முதல் ஆளை அவர் கரை சேர்த்தபோது கடிகாரத்தில் மூன்றே முக்கால்.

திரும்பிப் போனார்.

படகில் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் ஏற்ற முடிந்தது. கீழே பேக்கரியில் அடுப்பு மூடும் சத்தம் கேட்டது. ஆற்றுநாட்டில் அது ஏதோ கோயில் கதவு சாத்துவதுபோல ஒலித்தது. பனி விலகி, மங்கி, மறுபடி விலகியது. மிருதுளாவின் மெல்லிய ஆற்றிலேயே அப்பாவின் மூச்சு வாங்குவது தெரிந்தது. ஐந்தாவது ஆள். ஆறாவது. ஏறிய கிழவி ஒருத்தி, “போன வாரமே வர்றேன்னீங்களே” என்று கேட்டபோது, “தப்புத்தானுங்க ஆத்தா” என்றார். படகில் அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஐந்து மணி ஆனது. ஜோயல் பட்டையை நிறுத்தக் கையை நீட்டினான். தமயந்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் மூணு பேரு இருக்கறாங்க தம்பி.”

ஐந்து நாற்பதுக்குப் பதினோராவது ஆள் கரை ஏறினார். மருதாசலம் துடுப்பைப் படகில் குறுக்காக வைத்தார். ஆறு வடிந்தது. மேசையும் பன் வாசனையும் மெல்லத் திரும்பி வந்தன. அவர் பட்டையை மடித்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி படியிறங்கிப் போனார்.

தமயந்தி அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிருதுளா அந்தப் பார்வையை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறாள். ஆனால் இந்த முறை அத்தை வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க அத்தை?”

“வெள்ளிக்கெழமை நல்ல நாளான்னு பாக்கறேன்” என்றாள்.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வாசலில் கார் நின்றது. தமயந்தி பட்டுடுத்தி வந்திருந்தாள். கையில் தட்டு: தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ, மேலே பத்திரிகை. பின்னால் அவள் கணவர் சென்னியப்பன், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மருதாசலம் எழுந்து வாசற்படிக்கு இப்பால் நின்றார். வாங்க என்று சொல்லவில்லை.

“பன்னண்டு வருசத்துக்கு முன்னாடி நடக்க வேண்டியது நடக்கல. இப்ப வந்து அழைக்கறேன்” என்றாள் தமயந்தி. குரலில் ஆற்றின் ஈரம் கொஞ்சமும் இல்லை. “வர்றதுன்னா வாங்க. வராட்டி இங்கயே சொல்லிப்போடுங்க.”

“அழைக்கற லட்சணமா இது?”

“தட்டக் கீழ வச்சுட்டுப் போன லட்சணத்துக்கு இது போதும்.”

மிருதுளா உள்ளறைக் கதவோரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இது படகுப் பேச்சு இல்லை. இருவரும் முழு எடையோடு நின்றார்கள். எதையும் எங்கும் கழற்றி வைக்கவில்லை.

சென்னியப்பன் முன்னால் வந்தார். “அன்னைக்குக் கைகாட்டுனது நானுங்க மச்சான். அவசரத்துல புத்தி கெட்டுப்போச்சு. தப்பு என்ற மேலதான்.”

“அத அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லியிருக்கோணும் மாப்ள.”

“சொல்லியிருக்கோணுமுங்க.”

மருதாசலம் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினார்.

“முகூர்த்தம் எத்தன மணிக்கு?”

“ஆறுலிருந்து ஏழரைக்குள்ள.”

“நாலரைக்கு அங்க இருப்பேன்” என்றார். “இந்தத் தடவை வாசல்ல நிக்க மாட்டேன். பொண்ணுக்குப் பக்கத்துலயே நிப்பேன். எவன் வந்து கைய நீட்டறான்னு பாக்கறேன்.”

“நீட்டுனா வெட்டிப் போடுங்க” என்றாள் தமயந்தி. படியேறி உள்ளே வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “மிருது, இந்த வீட்டுல காப்பி கீப்பி ஏதாச்சும் உண்டா, இல்ல வெறும் நாயம் பேசறதுதானா?”

*

திங்கட்கிழமை மிருதுளா ஓடக்காரர் பக்கத்தைத் திறந்தாள். வலப்பக்கத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்தாள். வெகுநேரம் அதைக் கையில் வைத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். பிறகு இடப்பக்கத்தில், கொடைகளின் வரிசையில், முதலாவதாக இட்டாள்.

ஜோயல் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். “கொடையா? சரி, ஓடக்காரர் திரும்பிப் போவாரு. ஆனா விலையில்லாமக் கொடை இல்லைன்னு விதி இருக்குதே. இதுக்கு விலை?”

அவள் எதிர்க்கட்டத்தில் தட்டினாள்: பன்னிரண்டு ஆண்டு, கரையில் தனியாக.

ஜோயல் அதை இரண்டு முறை படித்தான். “இவ்வளவு விலையா? யாருங்க எடுப்பாங்க இத?”

“எங்க வீட்டுல எல்லாருமே எடுப்பாங்க” என்றாள் மிருதுளா.